யேசு கடவுளோ நபியோ: ரெண்டு பக்கமும் பிழையான இடத்தில நிண்டு பிடிக்கிற சண்டை

தம்பி, நீர் எழுதினதைச் சுருக்கினா கதை இதுதான். உம்மோட வவுனியாவில ஒரே இடத்தில வேலை செய்யிற முஸ்லிம் நானா ஒராள், மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்க, "நான்தான் கடவுள், என்னை வணங்குங்கோ எண்டு ஈஸா நபி (யேசு) பைபிள்ல எங்க சொல்லி இருக்கிறார், ஒரு வசனம் காட்டுங்க பாப்பம்" எண்டு கேட்டிருக்கிறார், பிறகு 325ல நைசியா எண்ட ஊரில ரோம ராசா கொன்ஸ்தாந்தீன் ஆயர்மாரைக் கூட்டி வோட்டெடுத்துத்தான் அவரைக் கடவுளாக்கினது எண்டும் சொல்லிப்போட்டார், உமக்கு வாயடைச்சுப் போச்சு. இப்ப ஆர் சொல்றது சரி எண்டு என்னட்டக் கேக்கிறீர்.

நான் கத்தோலிக்கன், யேசுவைக் கடவுள் எண்டு கும்பிடுறவன், அதை முன்னுக்கே சொல்லிப்போடுறன், நடுவர் வேசம் போட விருப்பமில்லை. ஆனா கனகாலமா ரெண்டு பக்கத்து எழுத்தையும் வாசிச்சுக்கொண்டு வாறதில எனக்குப் பட்டது, எங்கட சனமும் அவையின்ர சனமும் சண்டை பிடிக்கிற இடம் ஒண்டு, முடிச்சு கிடக்கிற இடம் வேறொண்டு. கடவுள் ஒருத்தர்தான் எண்டு ரெண்டு பேரும் சொல்லுறம். அந்த ஒருத்தர் மனுசனா இறங்கி வரலாமோ, வந்தாப் பிறகும் அவர் அதே ஒரே கடவுள்தானோ எண்டதிலதான் பிரியிறம். அங்க போய்ச் சேர முதல் வழியில கிடக்கிற குப்பையைக் கூட்டவேணும், ரெண்டு பக்கத்துக் குப்பையையும்.

எங்கட வளவில இருந்தே துவங்குவம். "முஸ்லிம் ஆக்கள் யேசுவை மதிக்கிறேல்ல" எண்டு எங்கட ஆக்கள் எத்தினை பேர் சொல்லக் கேட்டிருப்பீர். சுத்தப் பிழை. குர்ஆன்ர 19ம் அத்தியாயத்துக்குப் பேரே மர்யம். குர்ஆன் முழுக்கத் தேடினாலும் பேர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிற ஒரே பெண் அவதான், முகமது நபியின்ர தாயின்ர பேர்கூட அதில இல்லை. ஆண் துணை இல்லாமல் கன்னியாப் பெத்தவ எண்டு நம்புகினம், தொட்டில்ல கிடந்த பிள்ளை வாய் திறந்து கதைச்சுத் தாயின்ர மானத்தைக் காப்பாத்தினது எண்டு நம்புகினம், குருடனுக்குப் பார்வை குடுத்தது, குஷ்டரோகியைச் சுகமாக்கினது, செத்தவனை எழுப்பினது எல்லாம் அல்லாஹ்வின்ர அனுமதியோட அவர் செய்தவர் எண்டு 3ம் அத்தியாயத்திலயும் 5ம் அத்தியாயத்திலயும் இருக்கு. களிமண்ணில குருவி செய்து ஊதிப் பறக்க விட்டதும் இருக்கு, அது எங்கட நாலு நற்செய்தியிலயும் இல்லாத கதை. மஸீஹ், அதாவது மெசியா எண்டு சொல்லுகினம், உலக முடிவுக்கு முதல் திரும்ப இறங்கி வருவார் எண்டு, முகமது நபியின்ர சொல்லுகளைத் திரட்டின ஹதீஸ்ல இருக்கு. 1965ல வத்திக்கான் சங்கம் மற்றச் சமயங்களைப் பற்றி வெளியிட்ட ஏட்டில, முஸ்லிம் ஆக்கள் யேசுவைக் கடவுளா ஏற்காட்டிலும் இறைவாக்கினரா மதிக்கினம், அவரின்ர கன்னித் தாயையும் மதிக்கினம் எண்டு எழுத்திலயே போட்டிருக்கு. அது வந்து 60 வருசம் ஆகுது, கோயில் பிரசங்கத்தில அதை எத்தினை தரம் கேட்டிருக்கிறம்?

இந்த அறியாமைக்கு எங்கட வன்னியில ஒரு தனிக் காரணமும் இருக்கு. முந்தி விடத்தல்தீவு மாதிரி ஊருகளில கோயில் மணியும் பாங்கும் ஒரே காதில விழும், பெருநாள் சாப்பாடும் நத்தார் பலகாரமும் வேலி தாண்டிப் போகும், ஒருத்தர் சமயத்தை ஒருத்தர் படிக்காமலே பாதி அறிஞ்சு வைச்சிருந்தவை. 1990 ஒக்டோபர்ல வடக்கில இருந்த முஸ்லிம் சனம் முழுக்க வெளியேற்றப்பட்டு, கனபேர் 2009க்குப் பிறகுதான் புத்தளத்தால திரும்பி வந்தவை, கொஞ்சப்பேர் வரவே இல்லை. நடுவில ஒரு தலைமுறை பக்கத்து வீடு இல்லாமல் வளந்து போச்சு. அந்தப் பெடியள் இப்ப ஒருத்தர் சமயத்தை ஒருத்தர் வாட்ஸ்அப் கிளிப்பிலதான் படிக்கினம், கிளிப் போடுறவன் வெல்லுறதுக்காகப் போடுறான், விளங்கப்படுத்துறதுக்கில்லை.

சரி, அந்த மதிப்புக்கு இஸ்லாம் போட்ட எல்லை எது? கறாரான எல்லை. குர்ஆன் 4:171ல, அதாவது 4ம் அத்தியாயம் 171ம் வசனத்தில, "மூண்டு எண்டு சொல்லாதேங்கோ" எண்டு இருக்கு. 5:75ல ஈஸா ஒரு தூதர்தான், அவரும் தாயும் சாப்பாடு சாப்பிட்டவை எண்டு இருக்கு, அதாவது பசிக்கிறவர் கடவுளா இருக்க ஏலாது. 112ம் அத்தியாயம் நாலே வசனம், அல்லாஹ் பெறவும் இல்லை, பெறப்படவும் இல்லை, அவனுக்கு நிகர் ஒருத்தரும் இல்லை. எருசலேமில 690களின்ர துவக்கத்தில கட்டி முடிச்ச பாறைக் குவிமாடம் எண்ட முஸ்லிம் புனிதக் கட்டடத்துக்கு உள்ளுக்குச் சுத்திவர எழுதி இருக்கிறதிலயும் இந்த 4:171 இருக்கு, கிறிஸ்தவர் நிறைஞ்ச ஊரில, அவை வாசிக்கவேணும் எண்டே எழுதின மாதிரி. அல்லாஹ்வுக்கு இணை வைக்கிறது, அதாவது வேறொருத்தரையும் கடவுளாக் கும்பிடுறது, அவைக்கு மற்றப் பாவங்களோட சேத்து எண்ணுற பாவமில்லை, அப்பிடியே செத்தா மன்னிப்பில்லாத பாவம். அதால நானா உம்மட்டக் கேட்டது வம்புக்காக இருக்காது, உம்மில பாசத்தில கேட்டதாயும் இருக்கலாம், அதை மறந்திராதேம்.

இப்ப நைசியா. இந்தக் கதை ஒரு சதத்துக்குப் பெறாது, ஆனா எல்லா வீடியோவிலயும் வருது, அதால கொஞ்சம் நிண்டு பாப்பம்.

325க்கு 200 வருசத்துக்கு மேல முந்தி, கிட்டத்தட்ட 112ல, பிளினி எண்ட ரோம ஆளுநர் திராயான் சக்கரவர்த்திக்கு ஒரு கடிதம் எழுதினவர். கிறிஸ்தவர் விடியமுதல் கூடிக் கிறிஸ்துவுக்குக் கடவுளுக்குப் பாடுற மாதிரிப் பாட்டுப் பாடுகினம், இவையை என்ன செய்யிறது எண்டு கேட்டு. பிளினிக்குக் கிறிஸ்தவம் பிடிக்காது, எங்களுக்காகப் பொய்ச்சாட்சி சொல்ல அவருக்கு ஒரு தேவையும் இல்லை. இன்னுமொண்டு, அவர் ஆண்ட மாகாணம் பித்தினியா, நைசியா அந்த மாகாணத்து ஊர்தான். அதே காலத்தில அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியார் சாகப் போற வழியில எழுதின கடிதங்களில "எங்கட கடவுள் யேசு கிறிஸ்து" எண்டு சர்வசாதாரணமா எழுதுறார். இன்னும் பின்னால போனா பவுல், 50களிலயும் 60களின்ர துவக்கத்திலயும் சபைகளுக்குக் கடிதம் எழுதின திருத்தூதர். பிலிப்பியர் ரெண்டாம் அதிகாரத்தில, கடவுள் வடிவில இருந்தவர் தன்னை வெறுமையாக்கி அடிமை வடிவெடுத்தவர், அவர் பேருக்கு முன்னால எல்லா முழங்காலும் மண்டியிடும் எண்டு வருது. அது பவுலுக்கும் முந்தின பாட்டு எண்டு கன ஆராய்ச்சியாளர் நினைக்கினம்.

அப்ப நைசியாவில நடந்தது என்ன? ஆரியுஸ் எண்ட அலெக்சாந்திரியாக் குருவானவர், மகனான யேசு உலகத்துக்கு முதல் உண்டானவர், அவர் மூலமாத்தான் எல்லாம் படைக்கப்பட்டது, ஆனா அவரும் படைக்கப்பட்டவர்தான், அவர் இல்லாத ஒரு காலம் இருந்தது எண்டு படிப்பிச்சவர். எதிர்ப்பக்கம், படைக்கப்படேல்ல, பிதாவோட ஒரே இயல்புடையவர் எண்டது. கவனியும், அந்த மண்டபத்தில யேசு வெறும் மனுசன் எண்டு வாதாட ஒருத்தரும் வரேல்ல, ஆரியுஸும் அவரைக் கும்பிட்டவர்தான். சில முஸ்லிம் பேச்சாளர் ஆரியுஸைத் தங்கட ஆள் மாதிரிக் காட்டுறது சரிவராது, மர்யம்ட மகன்தான் உலகத்தைப் படைக்க உதவினவர் எண்டு சொன்னா எந்த மௌலவி ஏப்பார்? வந்த ஆயர்மார் சுமார் 300 பேர், கடைசியில கையெழுத்து வைக்க மாட்டம் எண்டவை ரெண்டே பேர். ராசா வற்புறுத்தினார் எண்டது உண்மை, மறுத்தவையை நாடு கடத்தினதும் உண்மை. ஆனா ராசாதான் கடவுளாக்கினவர் எண்டா, அதே கொன்ஸ்தாந்தீன் 337ல சாகக் கிடக்கேக்க ஞானஸ்நானம் எடுத்தது ஆரியுஸின்ர பழைய கூட்டாளி ஆயர் ஒருத்தரிட்ட, அவருக்குப் பிறகு மகன் கொன்ஸ்தான்சியு ஆரியுஸ் பக்கம் சாய்ஞ்சு நிண்டவர், நைசியாவுக்காக நிண்ட அத்தனாசியார் அஞ்சு தரம் நாடு கடத்தப்பட்டவர். அரண்மனை விரும்பினதுதான் நிலைச்சது எண்டா இண்டைக்கு நாங்கள் எல்லாரும் ஆரியுஸ்காரரா இருக்கவேணும். 381ல கொன்ஸ்தாந்திநோப்பிள்ல கூடித்தான் அது ஒரு முடிவுக்கு வந்தது. நைசியாவிலதான் பைபிள் புத்தகங்களைத் தெரிஞ்செடுத்தவை எண்டு சொல்லுறதும் அதே மாதிரி ஒரு கட்டுக்கதை.

ஆனா நானாவிட்டயும் ஒரு நல்ல போயிண்ட் இருக்கு, அதை விட்டுக்குடுக்கப் பயப்படாதேம். "நான் கடவுள், என்னை வணங்குங்கோ" எண்டு அந்த வடிவத்தில ஒரு வசனம் நாலு நற்செய்தியிலயும் இல்லை. இல்லை எண்டா இல்லை. பழைய தமிழ் வேதாகமத்தில 1 யோவான் 5:7ல "பரலோகத்தில சாட்சியிடுகிறவர்கள் மூவர்" எண்டு இருக்கிறதைச் சில பாஸ்டர்மார் இண்டைக்கும் திரித்துவத்துக்கு (பிதா, மகன், பரிசுத்த ஆவி மூண்டும் ஒரே கடவுள் எண்டதுக்கு) ஆதாரமா எடுத்துவிடுகினம், பழைய கிரேக்கப் பிரதிகளில அந்த வரி இல்லை, லத்தீன் வழியா பிந்தி வந்து புகுந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போனீரெண்டா நானா உம்மை மடக்கிறது நியாயம்.

மிச்ச வசனங்கள் ரெண்டு குவியலாக் கிடக்கு. முஸ்லிம் ஆக்கள் காட்டுறது: "என்னை ஏன் நல்லவர் எண்டுறாய், கடவுள் ஒருத்தரைத் தவிர நல்லவர் இல்லை" (மாற்கு 10:18), கடைசி நாள் எப்ப எண்டு மகனுக்கும் தெரியாது (மாற்கு 13:32), "பிதா என்னிலும் பெரியவர்" (யோவான் 14:28). நாங்கள் காட்டுறது: "ஆபிரகாம் பிறக்க முதலே நான் இருக்கிறன்" (யோவான் 8:58), தோமையார் "என் ஆண்டவரே, என் கடவுளே" எண்டு சொல்லேக்க அவர் மறுக்காதது (யோவான் 20:28). யோவான் பிந்தி எழுதினது எண்டு நானா சொல்லுவார், ஓம், பொதுவா 90கள் எண்டுதான் சொல்லுகினம். அப்ப மாற்குக்கே போவம், அதுதான் நாலிலயும் முந்தினது, 70ஐ ஒட்டினது. ரெண்டாம் அதிகாரத்தில திமிர்வாதக்காரனுக்கு "உன் பாவங்கள் மன்னிக்கப்பட்டது" எண்டு சொல்லேக்க, மறைநூல் அறிஞர், கடவுளைத் தவிர ஆரால பாவத்தை மன்னிக்க ஏலும், இவன் தெய்வநிந்தனை செய்யிறான் எண்டு நினைக்கினம். பதினாலாம் அதிகாரத்தில தலைமைக்குரு நேராக் கேக்க, ஓம், மனுமகன் (தன்னைத்தான் சொல்லுறார்) வல்லவரின்ர வலப்பக்கம் இருந்து மேகங்களோட வாறதைக் காண்பீர்கள் எண்டு பழைய ஏற்பாட்டுத் தானியேல் 7ஐ எடுத்துச் சொல்லுறார், குரு தன்ர உடுப்பைக் கிழிக்கிறார். யேசு தன்னை ஆர் எண்டு நினைச்சவர் எண்டதை இந்த இடங்கள்தான் காட்டுது, ஒற்றை வசனம் தேடுறது வீண். ஒரு முஸ்லிம் இதுக்கும் பதில் சொல்லலாம், மன்னிக்கிற அதிகாரமும் அல்லாஹ் குடுத்ததுதானே எண்டு. சொல்லட்டும்.

யேசுவைக் கடவுளாக்கிப் பவுல்தான் கெடுத்தவர் எண்டும் ஒரு கதை வரும். பவுல் எருசலேமுக்குப் போய், யேசுவை நேரில அறிஞ்ச பேதுருவையும் யாக்கோபையும் கண்டதைக் கலாத்தியர்ல தானே எழுதுறார், விருத்தசேதனம், ஆரோட இருந்து சாப்பிடுறது எண்டு அவையோட பகிரங்கமாச் சண்டை பிடிச்சதையும் எழுதுறார். யேசுவை எங்க வைக்கிறது எண்டதில அவைக்குள்ள சண்டை நடந்த ஒரு அடையாளமும் அதில இல்லை. சாப்பாட்டுக்கே அப்பிடிப் பிடுங்குப்பட்டவை, ஒரு மனுசனைப் பவுல் கடவுளாக்கினதைக் கண்டு சும்மா இருந்திருப்பினமோ? எனக்கு இதுதான் எங்கட பக்கத்தில இருக்கிற பலமான வாதம். யேசுவை மனுசனான மெசியா எண்டு மட்டும் நம்பின எபியோனியர் எண்ட யூதக் கிறிஸ்தவக் கூட்டம் இருந்ததும் உண்மை, அதையும் மறைக்கத் தேவையில்லை.

பர்னபாஸ் நற்செய்தி எண்டு ஒண்டை நானா அனுப்பினா, அன்பா வேண்டாம் எண்டு சொல்லும். அதின்ர கைப்பிரதிகள் இத்தாலியிலயும் ஸ்பானியத்திலயும்தான் இருக்கு, 16ம் நூற்றாண்டுக்கு முந்தினது ஒண்டும் இல்லை. அதில யேசு கப்பலேறி நாசரேத்துக்குப் போறார். நாசரேத் மலையில இருக்கிற ஊர், வவுனியா ரவுணில கப்பலால இறங்கினன் எண்டு ஒராள் சொன்ன கணக்கு. படிச்ச முஸ்லிம் அறிஞர் கனபேரே அதை இப்ப தொடுறேல்ல. அதே மாதிரி, அல்லாஹ் எண்டது சந்திரக் கடவுள் எண்டு எங்கட ஆக்கள் பரப்புற வீடியோவையும் அழிச்சு விடும், அரபு பேசுற கிறிஸ்தவர் பூசையில கடவுளை அல்லாஹ் எண்டுதான் கூப்பிடுகினம்.

மாதா விசயத்தைத் தொடாமல் போக ஏலாது, ஏனெண்டா ஆவணியில மடு மாதா கோயிலுக்குப் போற சனத்தைப் பாத்திட்டு ஒரு முஸ்லிம் என்ன நினைப்பார் எண்டது 5:116ல இருக்கு. "என்னையும் என் தாயையும் அல்லாஹ்வைத் தவிர ரெண்டு கடவுளா எடுத்துக்கொள்ளுங்கோ எண்டு நீ சொன்னியா" எண்டு அல்லாஹ் ஈஸாவைக் கேக்கிறதா வருது. எங்கட ஆக்கள், பாருங்கோ குர்ஆனுக்குத் திரித்துவமே விளங்கேல்ல, பிதா, மகன், மாதா எண்டு நினைச்சிட்டுது எண்டு சிரிப்பினம். அவ்வளவு லேசில்லை. அந்த வசனம் மூண்டு பேரை வரிசைப்படுத்தேல்ல, மாதாவுக்கு வணக்கம் போறதைத்தான் கண்டிக்குது எண்டு விளக்கம் சொல்லுறவை இருக்கினம். நாலாம் நூற்றாண்டில அரேபியாப் பக்கம் சில பெண்கள் மரியாளுக்கு அப்பம் படைச்சுக் கும்பிட்டவை எண்டு எபிபானியு எண்ட ஆயரே எழுதிக் கண்டிச்சிருக்கிறார். மாதாவுக்கு நாங்கள் குடுக்கிறது வணக்கம், ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான் எண்டு சபை பிரிச்சு வைச்சிருக்கு, ஆனா தேரடியில நிண்டு பாக்கிறவனுக்கு அந்தப் பிரிப்புக் கண்ணுக்குத் தெரியவேணுமே. (இதில வேடிக்கை, மாதா எண்டு வந்தா பள்ளிவாசலும் பெந்தகோஸ்து சபையும் ஒரே பக்கம் வந்திடும்.)

இப்ப முடிச்சுக்கு வருவம். 781ல பக்தாத்தில கலீபா அல் மஹ்தியும் கிழக்குச் சபை எண்ட கிறிஸ்தவ சபையின்ர தலைவர் திமோத்தேயும் ரெண்டு நாள் இருந்து கதைச்சவை, திமோத்தே அதை எழுதி வைச்சிருக்கிறார். கலீபா துவங்கினதே, உம்மை மாதிரிப் படிச்ச மனுசன், கடவுள் ஒரு பொம்பிளையைக் கட்டிப் பிள்ளை பெத்தார் எண்டு சொல்லலாமோ எண்டுதான். திமோத்தே சொன்னார், அப்பிடி ஒரு தெய்வநிந்தனையை ஆர் சொன்னது எண்டு. 1,200 வருசம் தாண்டியும் அந்த இடத்திலயே கன பேர் நிக்கினம். அந்தப் பேச்சில முகமது இறைவாக்கினர்மார் நடந்த வழியில நடந்தவர் எண்டும் திமோத்தே சொன்னவர், கலீபாவின்ர அரண்மனையில இருந்து சொன்னது எண்டாலும் சும்மா முகத்துக்குச் சொன்னதா எனக்குப் படேல்ல. உண்மையான சமயம் இருட்டு வீட்டுக்குள்ள விழுந்த முத்து மாதிரி, எல்லாரும் தடவிப்பாத்து முத்து தன்ர கையிலதான் எண்டு நினைக்கினம், விடிஞ்சாத்தான் தெரியும் எண்டு அவர் சொன்ன கதை முத்துக்குளிப்புக்குப் பேர்போன சிலாவத்துறைக்காரருக்கு நல்லா விளங்கும்.

முடிச்சு எங்க கிடக்கு எண்டு பாரும். குர்ஆன் ஈஸாவை அல்லாஹ்வின்ர வார்த்தை எண்டு சொல்லுது, அப்ப கடவுளின்ர வார்த்தை படைக்கப்பட்டதோ இல்லையோ எண்டு தமாஸ்கு யோவான் எண்ட கிறிஸ்தவ துறவி எட்டாம் நூற்றாண்டிலயே முஸ்லிம்களிட்டக் கேட்டவர். அதுக்கு அவையின்ர பதில் 3:59: ஆதமை "ஆகு" எண்டு சொல்லி உண்டாக்கின மாதிரி ஈஸாவையும் உண்டாக்கினான், தகப்பன் இல்லாதது கடவுள்தன்மைக்கு ஆதாரம் எண்டா ஆதமுக்குத் தாயும் இல்லையே. நல்ல பதில்தான். ஆனா கேள்வி அதோட சாகேல்ல. 833ல கலீபா அல் மஃமூன் குர்ஆன் படைக்கப்பட்டது எண்டு ஏத்துக்கொள்ளச் சொல்லி அறிஞர்களை விசாரிக்க, அஹ்மத் இப்னு ஹன்பல் எண்ட அறிஞர் அப்பிடிச் சொல்ல மாட்டன் எண்டு அடிவாங்கிச் சிறையில கிடந்தவர், கடைசியில சுன்னி உலகம் அவர் பக்கம்தான் நிண்டது. கடவுளின்ர பேச்சு படைக்கப்படேல்ல, அது கடவுளோட எண்டைக்கும் இருக்கிறது, அதால கடவுள் ரெண்டாகேல்ல எண்டு அவையும் ஒரு இடத்தில சொல்லத்தான் வேண்டி இருந்தது. நாங்கள் அந்த வார்த்தை மரியாளிட்டப் பிறந்தது எண்டுறம், அவை அது குர்ஆனா இறங்கினது எண்டுகினம். என்னைக் கேட்டா ரெண்டு சமயமும் ஆகக் கிட்ட வாற இடமும் ஆகத் தூரப் போற இடமும் இதுதான்.

பிறப்பிலி எண்டு சொல்லுற எங்கட சைவக்காரரும் இந்தக் கேள்வியில முஸ்லிம் பக்கம்தான் நிப்பினம், சிவன் கருவில வரார் எண்டது சித்தாந்தம். கடவுள் பசிச்சு, அழுது, செத்தது எண்டது கேக்கிறவனுக்கு அவமானமாப் படும், அது நியாயமான அருவருப்பு. எங்களுக்கு அதே விசயம்தான் சந்தோசச் செய்தி. அதால "அவர் சாப்பிட்டவர், நித்திரை கொண்டவர்" எண்டு காட்டினா எங்களுக்கு உறைக்காது, 451ல கால்செதோன் சங்கத்தில அவர் முழு மனுசன் எண்டு நாங்களே கையெழுத்து வைச்சம். சிலுவையும் இதோட சேந்ததுதான். 4:157 அவரைக் கொல்லவும் இல்லை, சிலுவையில அறையவும் இல்லை எண்டுது. வரலாறாப் பாத்தா இந்த இடத்தில எங்கட பக்கம் பலம், ரோம எழுத்தாளர் தாசிட்டுவும் அவர் ரோம ஆளுநர் பிலாத்துவின்ர காலத்தில கொல்லப்பட்டதை எழுதி இருக்கிறார். ஆனா இஸ்லாத்துக்கு அந்தச் சாவு தேவையும் இல்லை, ஒருத்தன்ர பாவத்தை இன்னொருத்தன் சுமக்க ஏலாது (6:164), ஆதம் மன்னிப்புக் கேட்டார், அல்லாஹ் மன்னிச்சான் (2:37), அதோட சரி. கடவுளே இறங்கி வந்து மீட்கவேணும் எண்ட தேவை இல்லாத சமயத்துக்கு யேசு நபியா இருந்தாப் போதும். அந்தத் தேவை இருக்கு எண்டுற எங்களுக்கு நபி காணாது.

ஆர் சரி எண்டு கேட்டீர், என்ர பதில் உமக்குத் தெரியும். ஆனா நாளைக்கு நானாவோட கதைக்கேக்க நைசியாவை அஞ்சு நிமிசத்தில முடிச்சுப்போட்டு, உங்கட பார்வையில கடவுள் மனுசனா வாறது ஏலாத காரியமோ, இல்லாட்டி ஏலும் ஆனா அவனுக்குத் தகாத காரியமோ எண்டு கேட்டுப் பாரும். ரெண்டுக்கும் பதில் வேற வேற, அவர் எதைச் சொல்லுறார் எண்டதை வைச்சுத்தான் மிச்சக் கதை போகும். அதுக்கு முதல் 19ம் அத்தியாயத்தையும் 3ம் அத்தியாயத்தையும் முழுசா வாசியும், தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கு, அவருக்கு மாற்கைக் குடும், பதினாறு அதிகாரம்தான், ஒரு போயா லீவில முடிச்சிடுவார்.